தென்பெண்ணை கரையோரமா 7 வருஷம், விட்ட எடத்துலருந்தே நடந்த அனுபவம்

எங்க ஆத்தங்கரை நடைய பத்தி ரொம்ப பேரு கேட்டுட்டே இருந்தீங்க, அதனால கொஞ்சம் பெருசாவே எழுதிடறேன். நானும் எங்க சித்தப்பாவும் 2018 ஜனவரியில ஆரம்பிச்சு 2025 பிப்ரவரி வரைக்கும் தென்பெண்ணை ஆத்தங்கரையோரமா கொஞ்சம் கொஞ்சமா நடந்தோம். கர்நாடகாவுலருந்து தமிழ்நாட்டுக்குள்ள ஆறு நுழையற கொடியாளத்துலருந்து அனுமன்தீர்த்தம் தாண்டி கொஞ்ச தூரம் வரைக்கும். என் போன் கணக்குல சுத்து வழியோட சேத்து 190 கிலோமீட்டர் வந்துச்சு. ஒரே மூச்சுல நடந்தா பத்து நாள் வேலைதான், ஆனா எனக்கு காவேரிப்பட்டணத்துல டெய்லர் கடை, ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு, அதுவும் கல்யாண சீசன்ல கெடையாது. சித்தப்பா லாரி ஓட்டி ஓஞ்சவரு, ஆரம்பிக்கறப்ப அவருக்கு 61 வயசு.

ஆரம்பிச்ச காரணம் சொல்லிடறேன். 2017 நவம்பர்ல கே.ஆர்.பி அணையில (கிருஷ்ணகிரி அணை) ஒரு ஷட்டர் ஒடஞ்சு தண்ணி ஏராளமா கீழ போச்சு, ஞாபகம் இருக்கும். எங்க ஊரு பாலத்துல நின்னு ஊரே வேடிக்க பாத்துச்சு. 1957ல காமராசர் தொறந்து வச்ச அணை, ஏறக்கொறைய 9 ஆயிரம் ஏக்கருக்கு தண்ணி குடுக்கற அணை, அந்தத் தண்ணி கண்ணு முன்னாடி போகுது. அப்ப சித்தப்பா கேட்டாரு, "இந்த தண்ணி எங்கருந்துடா வருது, நந்தி மலைன்றாங்க, நீ பாத்திருக்கியா"ன்னு. நான் பாத்ததில்ல. முப்பது வருஷம் அந்த ஆத்துல குளிச்சிருக்கேன், மேல பத்து கிலோமீட்டர் போய் பாத்ததில்ல. அந்த கேள்விதான்.

ஒரே ஒரு ரூல் வச்சோம். போன தடவ எங்க நின்னமோ அடுத்த தடவ அதே எடத்துலருந்துதான் காலை எடுத்து வெக்கணும். நூறு மீட்டர் கூட விடக்கூடாது. மரம், கல்லு, பம்புசெட் ரூம் ஏதாவது ஒண்ண போட்டோ எடுத்து வச்சுக்குவோம். கேக்கறதுக்கு சின்ன விஷயமா இருக்கும், ஆனா இந்த ஒண்ணுதான் ஏழு வருஷம் எங்கள நடக்க வச்சுது, ஏன்னா எங்கயோ ஒரு புங்கமரத்தடியில நம்மளது ஒண்ணு பாக்கி இருக்குன்ற நெனப்பு கடையில மிஷின் மிதிக்கறப்ப கூட வரும்.

மொத நாள் கொடியாளம் டு கெலவரப்பள்ளி அணை. அத பத்தி நல்லதா சொல்ல ஆசதான், முடியல. தண்ணி கருப்பா வருது, பெங்களூர் பக்கத்து சாக்கட, கம்பெனி கழிவு, சோப்பு தண்ணி எல்லாம் கலந்து. கெலவரப்பள்ளியில ஷட்டர் தொறந்தா அந்த சோப்பு அடிபட்டு நுரையா பொங்குது, ஆள் ஒசரத்துக்கு. தூரத்துலருந்து பாத்தா பஞ்சு மூட்ட அவுத்து கொட்டுன மாதிரி வெள்ளையா இருக்கு, காத்துல பிஞ்சு பறந்து வந்து என் சட்டையில ஒட்டுச்சு, கையால எடுத்தா பிசுபிசுன்னு, ஒரு நாத்தம், வீட்டுக்கு வந்து ரெண்டு தடவ தொவச்சும் அந்த சட்டையில போகல. சித்தப்பா அன்னிக்கி ஒண்ணுமே பேசல, பஸ் ஏறுன பொறவுதான் "இதுலதான் நாம குளிச்சமா"ன்னாரு. எங்க ஊரு வர்றதுக்குள்ள அணையில தேங்கி, மார்க்கண்டேய நதி தண்ணியும் கலந்து பார்வைக்கு தெளிஞ்சிருது, ஆனா கெலவரப்பள்ளிய பாத்த கண்ணுக்கு அப்புறம் எங்க ஊரு தண்ணியும் பழைய தண்ணியா தெரியல. அந்த பகுதி நடக்கறவங்க ஆத்துல கை கூட நனைக்காதீங்க, குடிக்க தண்ணி முழுசும் வீட்டுலருந்து எடுத்துட்டு போங்க.

அடுத்தது ஓசூர்லருந்து பேரண்டப்பள்ளி, சானமாவு பக்கம். இங்க நேரத்த பாத்து போகணும். அக்டோபர் நவம்பர்ல ராகி வெளையறப்ப பன்னேர்கட்டா, தளி, ஜவளகிரி காட்டுலருந்து யானைங்க கூட்டமா வந்து சானமாவு காட்டுல தங்கும், பிப்ரவரி வாக்குலதான் திரும்பும். அந்த மாசங்கள்ல இந்த துண்ட நடக்கவே நடக்காதீங்க. நாங்க ஏப்ரல்ல போனோம், அப்பவும் ரிசர்வ் காட்டுக்குள்ள எறங்கல, ரோட்டோரமாவே சுத்திக்கிட்டு போனோம், அனுமதி இல்லாம காட்டுக்குள்ள கால் வச்சா கேஸ், உசுருக்கும் ஆபத்து. தோட்டத்துல மரத்து மேல பரண் கட்டி ராத்திரி காவல் இருக்கறவங்கள பாத்தோம். ஒரு அம்மா எங்கள பாத்ததும் "ஏ ஊரு மீதி?"ன்னு தெலுங்குல கேட்டாங்க, சித்தப்பா லாரி ஓட்டுனப்ப கத்துக்கிட்ட தெலுங்குல சொன்னாரு, உடனே களியும் கீரை கொழம்பும் வந்துருச்சு. ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னடம் நாலு வார்த்த தெரிஞ்சா போதும், எந்த மேப்பும் வேணாம்.

இப்ப பொருள் விஷயம். இதத்தான் நெறைய பேரு கேட்டது.

ஷூ: ஏழு வருஷத்துல மூணு ஜோடி. மொதல்ல வெல அதிகமான ஸ்போர்ட்ஸ் ஷூ வாங்குனேன், மெத்து மெத்துன்னு இருந்துச்சு, ஆனா நம்ம கரையில வேலிகாத்தான் (சீமக்கருவேல) முள்ளு இருக்கு பாருங்க, அது மெத்த சோல வெண்ண மாதிரி குத்திட்டு உள்ள வந்துரும். எண்ணேகொல்புதூர் தடுப்பணைக்கு கொஞ்சம் முன்னாடி அப்படித்தான் ஒண்ணு ஏறுச்சு. கழட்டி பாத்தா சோலுக்கு உள்பக்கம் முள்ளு மொன கருப்பா அர இஞ்சு நீட்டிட்டு நிக்குது, குதிகால்ல பாதி ஒடஞ்சு உள்ளயே இருக்கு. சித்தப்பா என் பையிலருந்த ஊசிய தீக்குச்சியில காட்டிட்டு சுத்தி மெதுவா நெம்புனாரு, வரல. அப்புறம் எருக்கஞ்செடி ஒடச்சு பால் ரெண்டு சொட்டு வச்சு துணி கட்டிட்டாரு. வீட்டுக்கு வந்து ராத்திரி அமுக்குனா முள்ளு தானா வெளிய வந்துச்சு. (எருக்கம்பால் கண்ணுல பட்டுறக்கூடாது, கைய நல்லா கழுவிறணும். டெட்டனஸ் (டிடி) ஊசியும் மறுநாள் போட்டுக்கிட்டேன்.) ரெண்டாவது கேன்வாஸ் ஷூ, ஈரம் பட்டா காயவே மாட்டேங்குது, கால்ல தோல் உரிஞ்சுது. மூணாவதுதான் சரியா அமைஞ்சுது, கிருஷ்ணகிரியில செருப்பு தைக்கற அண்ணன்கிட்ட தடிப்பான ரப்பர் சோல் வச்ச சேண்டல குடுத்து அடியில இன்னொரு சோல் ஒட்டி சுத்தி தையல் போட்டு வாங்குனேன். கனம்தான், ஆனா நாலு வருஷம் ஒழச்சிருக்கு, ஒரு முள்ளு உள்ள வரல. தையல் மட்டும் ஒரு தடவ நானே மாத்துனேன், நைலான் நூல்ல.

கொட: தொப்பிய விட கருப்பு கொடதான் நல்லது, மார்ச்சுக்கு மேல கரையில நெழலே இல்லாத எடம் நெறைய, நாய் வந்தா விரிச்சா போதும் நின்னுரும். தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர், கூட ஒரு தூக்குல உப்பு போட்ட மோரு. பேக் நானே தச்சது, தார்ப்பாய் துணியில, தோள்பட்டைக்கு பழைய ஜீன்ஸ் மடிச்சு வச்சு. இன்னும் கிழியல.

கே.ஆர்.பி அணையிலருந்து கீழ வர்றது எங்க சொந்த எடம், அத பத்தி எழுதுனா முடியாது. பெண்ணேஸ்வரமடம் மட்டும் கண்டிப்பா நின்னு பாருங்க. ஆத்தங்கரையிலயே பெண்ணேஸ்வரர் கோயில், செவுத்துல கல்வெட்டு, சுத்துவட்டாரத்துல நடுகல்லுங்க. ஒரு நடுகல்ல வீரன் வாளோட நிக்கறான், அதுக்கு மஞ்சள் பூசி குங்குமம் வச்சிருக்காங்க, இன்னும் ஒரு குடும்பத்துக்கு அது சாமி. கிருஷ்ணகிரி, தருமபுரின்னு நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் ஏரிக்கரை, வயக்காடு எங்க பாத்தாலும் இப்படி கல்லு நிக்குது, பைக்ல போறப்ப ஒண்ணு கூட கண்ணுல பட்டதில்ல எனக்கு.

நெடுங்கல் அணைக்கட்டு வரைக்கும் 2019 மே மாசம் முடிச்சோம், ஆறு காஞ்சு கெடந்துச்சு, நடு ஆத்துலயே நடந்தோம். அங்கருந்துதான் பாரூர் ஏரிக்கு கால்வா பிரியுது. மாங்கா சீசன், தோப்புக்காரரு ஒருத்தர் செந்தூரா பத்து பழம் மடியில கட்டி குடுத்தாரு. அணைக்கட்டு தாண்டி அவரோட பம்புசெட் செவுத்துலதான் எங்க நிறுத்தம், சித்தப்பா கரியால தேதி எழுதுனாரு. அதோட நடை நின்னு போச்சு, மொதல்ல என் பொண்ணு பரீட்ச, அப்புறம் கொரோனா. கடை மூடி கெடந்த மாசங்கள்ல தையல் கூலி இல்லாம கஷ்டப்பட்டப்ப, நாங்க எல்லாம் மாஸ்க் தச்சுத்தான் சாப்டோம், அப்பல்லாம் அந்த செவுத்து போட்டோவ போன்ல எடுத்து எடுத்து பாப்பேன்.

2022 ஜனவரியில திரும்ப போனப்ப கரி எழுத்து இருந்துச்சு, தோப்புக்காரரு இல்ல. போன வருஷம் தவறிட்டாருன்னு அவங்க மகன் சொன்னாரு. "அப்பா சொல்லிட்டே இருப்பாரு, ரெண்டு பேரு இங்க விட்டுட்டு போயிருக்காங்க, வருவாங்க, சொவர வெள்ளையடிக்காதீங்கன்னு" அப்படின்னாரு. அந்த எழுத்த சுத்தி மட்டும் விட்டுட்டு மிச்ச செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சிருந்தாங்க. சித்தப்பா செவுத்த தொட்டுட்டு ரொம்ப நேரம் நின்னாரு. ஒரே தடவையா நடந்து முடிச்சிருந்தா அந்த மனுஷன் எங்களுக்கு மாம்பழம் குடுத்தவரு, அவ்ளோதான். ரெண்டரை வருஷம் எங்களுக்காக ஒரு சொவர காத்தவருன்னு தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது.

நெடுங்கல் டு இருமத்தூர் நீளமான துண்டு, மூணு ஞாயிறு ஆச்சு. வரப்பு, தென்னந்தோப்பு, சில எடத்துல மணல் அள்ளுன பள்ளம், ஆள் ஆழத்துக்கு, தண்ணி நெறஞ்சு நின்னா மேல தெரியாது. இத சீரியஸா சொல்றேன், தண்ணி இருக்கறப்ப ஆத்துல எறங்காதீங்க, குச்சியால குத்தி பாக்காம ஒரு அடி வெக்காதீங்க. ஆடி 18க்கு இருமத்தூர்லயும் அனுமன்தீர்த்தத்துலயும் ஜனம் அலமோதும், அன்னிக்கி நடக்க முடியாது, ஆனா ஒரு தடவ பாக்கணும்.

கடைசி துண்டுதான் ரொம்ப கஷ்டம். 2024 நவம்பர் நடுவுல அனுமன்தீர்த்தம் பாலத்துலருந்து நாலு கிலோமீட்டர் கீழ போய் ஒரு புங்கமரத்தடியில நிறுத்துனோம். ரெண்டு வாரத்துல ஃபெஞ்சல் புயல். ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழ, ஏரி நெறஞ்சு வழிஞ்சு பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ன வண்டிங்க எல்லாம் அடிச்சுட்டு போனத டிவியில பாத்தீங்க. கீழ இருக்கற சாத்தனூர் அணையிலருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தொறந்தாங்க. பிப்ரவரியில நாங்க போனா மரம் இல்ல. மரம் மட்டும் இல்ல, மரம் நின்ன கரையே இல்ல, மண்ணு வெட்டி எடுத்த மாதிரி செங்குத்தா நிக்குது, வேரெல்லாம் வெளிய தொங்குது, அதுல ஒரு பள்ளிக்கூட பையோட வாரு மாட்டிட்டு ஆடுது. போன்ல போட்டோவ காட்டி காட்டி ஆடு மேய்க்கற பெரியவர கேட்டோம், அவரும் கைய விரிச்சுட்டாரு.

நான் சொன்னேன், "சித்தப்பா, சுமாரா இங்கதான் இருக்கும், ஆரம்பிச்சுரலாம்". அவரு ஒத்துக்கல. அவருக்கு அப்ப 68, முட்டியில பெல்ட் போட்டிருந்தாரு. "எடம் தெரியலன்னா கடைசியா தெரிஞ்ச எடத்துக்கு போகணும்டா கண்ணு, பாலத்துக்கு வா"ன்னு திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டாரு. வெயில்ல நாலு கிலோமீட்டர் திரும்ப போய், பாலத்து கைப்பிடிய தொட்டுட்டு, மறுபடியும் அதே நாலு கிலோமீட்டர். தெற்கால தீர்த்தமலை தெரிஞ்சுட்டே வந்துச்சு. ராமருக்கு பூஜைக்கு அனுமார் கங்கை தண்ணி கொண்டு வர லேட்டாயி, ராமரு அம்பு விட்டு மலையிலயே தீர்த்தம் வரவச்சுட்டாரு, அத பாத்த அனுமாரு கோவத்துல கொண்டு வந்த தண்ணிய வீசுன எடந்தான் அனுமன்தீர்த்தம்னு எங்க பக்கம் சொல்வாங்க. சித்தப்பா அத சொல்லிக்கிட்டே நடந்தாரு, "அவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தவருக்கு வருத்தம் இருக்காதா"ன்னாரு.

அந்த இல்லாத மரத்த தாண்டி இன்னும் ஆறு கிலோமீட்டர் போனோம், அதோட அவரு முட்டி போதும்னுருச்சு. டாக்டர் நீள நடை வேணாம்னுட்டாரு. சாத்தனூர் வரைக்கும் போகணும்னு ஆச இருக்கு, நான் தனியா வேணா போறேன்னேன், அவரு பஸ்ல வந்து ஒவ்வொரு நிறுத்தத்துலயும் உக்காந்திருக்கேன்னு சொல்லியிருக்காரு. இந்த தடவ மரத்த நம்பல, கரையிலருந்து தள்ளி மேட்டுல இருக்கற ஒரு பாறைதான் நிறுத்தம். பாறையில கரி நிக்காதுன்னு சித்தப்பா என் பையிலருந்து டெய்லர் சாக்பீஸ எடுத்து தேதி எழுதுனாரு, அப்புறம் அதுவும் மழைக்கு போயிரும்னு மூணு கல்ல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்சுட்டு வந்தாரு.