பிஎஃப்எக்ஸ் கோப்பை அனுப்பும் முன்: கீஸ்டோர் எக்ஸ்புளோரருடன் சில வருட அனுபவம்

நாகர்கோவிலில் உட்கார்ந்து வெப்சைட் வேலை செய்பவர்களுக்கு இது பழக்கமான ஏற்பாடு. வாடிக்கையாளர் கன்னியாகுமரியில் லாட்ஜ் வைத்திருப்பார். அவருடைய சர்வரைப் பார்த்துக்கொள்பவர் திருவனந்தபுரத்தில் இருப்பார். சைட்டுக்கு அடையாளச் சான்றாக இருக்கும் எஸ்எஸ்எல் சர்டிபிகேட் வாங்குவது என் பாடு, சர்வரில் ஏற்றுவது அவர் பாடு. எங்களுக்கு நடுவில் போவது ஒரே ஒரு பிஎஃப்எக்ஸ் கோப்பு, அதாவது சர்டிபிகேட்டையும் அதன் சாவியையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பொதி. அதில் எது குறைந்தாலும் போன் வருவது எனக்குத்தான், அதுவும் சபரிமலை சீசன் நேரம் பார்த்து வரும்.

அனுப்பும் முன் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கப் பல வருடமாக நான் பயன்படுத்துவது கீஸ்டோர் எக்ஸ்புளோரர். இலவசம், ஓப்பன் சோர்ஸ், ஜாவாவில் எழுதியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தோற்றம் பழைய காலத்து சாஃப்ட்வேர் மாதிரி இருக்கும், திறக்கவும் கொஞ்சம் யோசிக்கும். அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

கோப்புக்குள் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: சைட்டின் சர்டிபிகேட், அதற்குப் பொருந்தும் பிரைவேட் கீ என்ற ரகசியச் சாவி, சைட்டின் சர்டிபிகேட்டுக்குக் கையெழுத்துப் போட்ட இன்டர்மீடியட் சர்டிபிகேட். எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் ரூட் சர்டிபிகேட் தேவையில்லை, அது பார்ப்பவரின் கருவியிலேயே இருக்கும். பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்ததும் வரும் பட்டியலில், கீயோடு சேர்ந்த பதிவுக்கு ஒரு ஐகான், வெறும் சர்டிபிகேட்டுக்கு வேறு ஐகான். பிரைவேட் கீ உள்ளே இல்லையென்றால் அங்கேயே தெரிந்துவிடும். அந்தப் பதிவை டபுள் கிளிக் செய்தால் யார் யாருக்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்ற படிநிலை மேலே விரியும். சைட்டின் பெயர் மட்டும் ஒற்றை வரியாகத் தனியே நின்றால் இன்டர்மீடியட் இல்லை என்று அர்த்தம்.

இதை பிரவுசரில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சர்டிபிகேட்டுக்குள்ளேயே அதைக் கொடுத்தவரின் சர்டிபிகேட் எங்கே கிடைக்கும் என்று ஒரு முகவரி இருக்கும். குரோம் அங்கே போய் அதை எடுத்து வந்து ஓட்டையை அடைத்துவிடும். ஃபயர்ஃபாக்ஸோ தெரிந்த இன்டர்மீடியட்களை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும். கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி, பல ஆண்ட்ராய்டு ஆப்கள், பேமென்ட் தகவல் அனுப்பும் சர்வர்கள் இவற்றுக்கெல்லாம் அந்தத் தாராள மனசு கிடையாது. சர்டிபிகேட் வாங்கி விற்கும் ஒரு ரீசெல்லர் ஜிப்பில் சைட் சர்டிபிகேட்டை மட்டும் போட்டுக் கொடுத்து, அதை அப்படியே வேறொருவர் சர்வரில் ஏற்றிய சமயம், லாட்ஜ்காரர் என்னைக் கேட்டார்: “மக்கா, எனக்க லேப்டாப்புல சைட்டு நல்லா திறக்குது. புக்கிங் ஆப்புல மட்டும் ஏன் வரல்ல?” கேள்வி நூற்றுக்கு நூறு நியாயம்.

குறைந்த இன்டர்மீடியட்டை கீஸ்டோர் எக்ஸ்புளோரரிலேயே சேர்க்கலாம். ரைட் கிளிக்கில் செயினை, அதாவது அந்தக் கையெழுத்துப் படிநிலையை, திருத்தும் வழி இருக்கிறது. சம்பந்தமில்லாத சர்டிபிகேட்டைக் கொடுத்தால் சேர்க்க மறுக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். நோட்பேடில் சர்டிபிகேட்டை எழுத்து வடிவில் வைத்திருக்கும் பெம் கோப்புகளை ஒட்டிச் சேர்க்கும்போது இந்தக் காவல் இல்லை. முதல் கோப்பின் கடைசியில் ஒரு என்டர் விட்டுப்போனால், முடிவு வரியும் அடுத்ததன் தொடக்க வரியும் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு சட்டென்று படாது, சர்வர் மட்டும் முரண்டு பிடிக்கும்.

ஆனால் கீஸ்டோர் எக்ஸ்புளோரரை மட்டும் நம்பியும் அனுப்ப முடியாது. பிஎஃப்எக்ஸ் கோப்பை உருவாக்கப் பலரும் பயன்படுத்தும் கருவி ஓபன்எஸ்எஸ்எல். 2021 செப்டம்பரில் வந்த அதன் 3.0 பதிப்பு முதல், அதில் உருவாக்கும் கோப்பு இயல்பாகவே ஏஇஎஸ்-256 என்ற புதிய குறியாக்க முறையில் பூட்டப்படுகிறது. விண்டோஸ் சர்வர் 2016-க்கு அந்தப் பூட்டு தெரியாது. அது சொல்வதோ பாஸ்வேர்டு தவறு என்று. பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கும், இரண்டு பக்கமும் அதைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்து ஒரு மதியம் போய்விடும். கீஸ்டோர் எக்ஸ்புளோரர் பழைய பூட்டு, புதிய பூட்டு இரண்டையும் ஒரே மாதிரி திறந்துவிடுவதால் இந்தக் கோளாறு அதில் பிடிபடாது. ஓபன்எஸ்எஸ்எல்லின் பிகேசிஎஸ்12 கட்டளையோடு இன்ஃபோ சேர்த்து ஓட்டினால் எந்த முறை என்று எழுத்தில் காட்டும். பழைய சர்வர் என்றால் லெகஸி தேர்வைச் சேர்த்துத் திரும்பவும் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டியதுதான். அதனால் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பதே, “சேட்டா, உங்க சர்வர் எந்த வருஷத்து விண்டோஸ்?” என்பதைத்தான்.

முன்பு வருடத்துக்கு ஒரு தடவை இந்த வேலை வரும், ஒரு சர்டிபிகேட்டின் ஆயுளுக்கு உச்ச வரம்பு 398 நாளாக இருந்தது. சர்டிபிகேட் நிறுவனங்களும் பிரவுசர்காரர்களும் 2025-இல் எடுத்த முடிவின்படி 2026 மார்ச் 15 முதல் அது 200 நாள், 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47. முடிந்தவர்கள் இலவசமாக சர்டிபிகேட் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் மாதிரி தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டுக்குப் போய்விடலாம், கோப்பைக் கைமாற்றும் வேலையே இருக்காது. பழைய விண்டோஸில் புக்கிங் சாஃப்ட்வேர் ஓட்டுபவர்களை அவ்வளவு சீக்கிரம் நகர்த்த முடிவதில்லை. அவர்களுக்குக் கோப்பு மெயிலில் போகும், பாஸ்வேர்டை போனில் சொல்வேன். இரண்டையும் ஒரே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.