ஏபியா, டூயல் என்ரோல்மென்ட்டா?

அமெரிக்காவில் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தொட்டதும் பல வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். பள்ளியிலேயே கல்லூரி கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகுகள், சேர்த்தால் பின்னால் கட்டணம் குறையும். சரி, ஏபி, டூயல் என்ரோல்மென்ட் என்ற இரண்டில் எந்த வழியில் சேர்ப்பது?

ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது பள்ளியிலேயே நடக்கும் கல்லூரித் தரப் பாடம். வருடம் முழுக்கப் படித்தாலும், பெரும்பாலான பாடங்களில் கிரெடிட்டைத் தீர்மானிப்பது மே மாதத் தேர்வு ஒன்றுதான். கால்குலஸ் என்றால் மூன்றே கால் மணி நேரம். அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் பாடு திண்டாட்டம். 2025இல் அமெரிக்காவில் ஒரு தேர்வுக்குக் கட்டணம் 99 டாலர். 5க்கு 3 எடுத்தால் பல அரசுப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தரும். பெரிய தனியார் கல்லூரிகள் 4, 5 கேட்கும், சில பாடங்களுக்குக் கையை விரித்துவிடும். எம்ஐடி உயிரியலில் 5 எடுத்தாலும் கிரெடிட் தருவதில்லை.

டூயல் என்ரோல்மென்ட் என்பது பள்ளியில் இருக்கும்போதே எடுக்கும் நிஜக் கல்லூரி வகுப்பு. வீட்டுப்பாடம், இடைத்தேர்வு எல்லாம் சேர்ந்துதான் கிரேடு. புளோரிடாவில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமும் இல்லை, புத்தகச் செலவும் இல்லை. அங்குள்ள அரசுக் கல்லூரிகளுக்குள் கிரெடிட் எளிதாக மாறும். மாநிலம் தாண்டினால்தான் சிக்கல். இன்னொன்று, ஏபியில் சொதப்பினால் மதிப்பெண்ணை அனுப்பாமல் விடலாம். டூயலில் வாங்கிய ‘சி’ கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் காட்டியாக வேண்டும்.

உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகம்தான் என்று முடிவானால் நான் டூயல் பக்கம். எங்கே போவான் என்றே தெரியாத பிள்ளைக்கு ஏபி.