தலைவலி வந்தால் நீங்கள் படுப்பவரா, நடப்பவரா, வேலையைத் தொடர்பவரா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் எங்கள் வரிசை வீட்டுக்கு எதிரே உள்ள மளிகைக் கடையில் ஊறுகாய்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் பனடோல் (பாரசிட்டமால் மாத்திரை) அட்டை தொங்கும். செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருகிறவர், பள்ளிக்கூடத்து டீச்சர், விரதம் இருக்கிற அத்தை, எல்லாருக்கும் அதே அட்டையிலிருந்துதான் இரண்டு மாத்திரை. நானும் பதினைந்து வருஷம் அப்படித்தான் விழுங்கினேன். எது எந்தத் தலைவலி என்று பிரித்துப் பார்க்க ஆரம்பித்தது கொஞ்ச வருஷமாகத்தான். அதில் எனக்குப் புரிந்தது ஒன்று: எங்கே வலிக்கிறது என்று கேட்பதைவிட, வலிக்கும்போது அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருக்கும் எங்கள் மாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடியே குலை எண்ணிக்கொண்டிருப்பார். இது இறுக்கத் தலைவலி. இரண்டு பக்கமும் பட்டை போட்டு அழுத்துகிற மாதிரி, சிலருக்குப் பிடரியிலிருந்து ஏறும். அரை மணி நேரத்தில் போகலாம், ஏழு நாள் வரைக்கும் இழுக்கலாம். ஆனால் வாந்தி வராது, படி ஏறினாலும் வலி அதிகமாகாது, ஆள் வேலையை விடமாட்டார். தூக்கமின்மை, கவலை, நாள் முழுக்கக் கழுத்தை அண்ணாந்து வைத்திருப்பது எல்லாம் இதைக் கிளப்பும். (மாமாவுக்குக் கவலை எது என்று கேட்டால் மகளின் கல்யாணச் செலவில் ஆரம்பிப்பார், அதை இங்கே எழுத இடம் பத்தாது.) இதற்குப் பனடோல் போதும்: பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராமில் இரண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது.

நம் வீடுகளில் முதலில் கை போவது தைலப் புட்டிக்குத்தான், அதைச் சும்மா பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஜெர்மனியில் 1996இல் 41 பேரை வைத்துச் செய்த ஆய்வில், நெற்றியில் தடவிய புதினா எண்ணெய்க் கரைசல் இறுக்கத் தலைவலிக்கு இரண்டு பனடோல் அளவுக்கு வேலை செய்ததாகக் கண்டார்கள். கோடாலித் தைலம் அதே சரக்கு இல்லை, ஆனால் புதினா எண்ணெயில் இருக்கும் மென்தால் இதிலும் உண்டு. கண்ணில் படாமல் தடவுங்கள், சின்னப் பிள்ளைகளின் மூக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

என்னுடையது வேறு சங்கதி. தோட்டத்து ஆபீசில் சம்பளக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 1,485 என்று எழுதியிருந்த எண்ணில் நடுவில் இருந்த 4 காணாமல் போனது. கண்ணைக் கசக்கினேன், அந்த இடத்தில் வாள் பல் மாதிரி வளைந்து வளைந்து மின்னும் ஒரு கோடு. அது மெல்ல வெளிப்பக்கமாக விரிந்துகொண்டே போய் இருபது நிமிஷத்தில் மறைந்தது, அப்புறம் வலது பொட்டில் சுத்தியல் அடி தொடங்கியது. இது மைக்ரேன், நம் பெரியவர்கள் சொல்லும் ஒற்றைத் தலைவலி. பெயரில்தான் ஒற்றை, நிறையப் பேருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். மின்னல் கோடும் எல்லாருக்கும் வராது. ஆனால் விளக்கு வெளிச்சம் குத்தும், பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் மண்டைக்குள் கேட்கும், குமட்டும், குனிந்து நிமிர்ந்தாலே கூடும். நாலு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை. துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதெல்லாம் நடக்காது, திரையை இழுத்துவிட்டுப் படுக்கைதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வரும், மாதவிலக்கை ஒட்டி வருவதும் சகஜம்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏன் அத்தனை வருஷம் ஆனது என்றால், மூன்று தடவை ஒரு கிளினிக்கில் இதற்கு ‘சைனஸ்’ என்று பெயர் வைத்து ஆன்டிபயாடிக் கொடுத்து எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதி அனுப்பினார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மைக்ரேன் வந்தாலும் மூக்கு அடைக்கும், கண்ணுக்குக் கீழே கனக்கும், மழை வருகிற நேரத்தில் கிளம்பும். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரைச் சோதித்ததில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகை வலி. நிஜமான சைனஸ் என்றால் பச்சை, மஞ்சள் சளி, காய்ச்சல், வாசனை தெரியாமல் போவது என்று மூக்குதான் முதலில் பேசும்.

மூன்றாவது ரகம் அபூர்வம், ஆனால் ஒருமுறை பார்த்தால் மறக்காது. லாரி ஓட்டும் எங்கள் அத்தான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார், சுவரில் நெற்றியை முட்டுவார். ஒரு கண் சிவந்து நீர் வழியும், அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் ஒழுகும். ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி தூங்கிவிடுவார், மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்ப வரும். இது கொத்துத் தலைவலி. 15 நிமிஷத்திலிருந்து மூன்று மணி நேரம், வாரக்கணக்கில் தினமும் வந்துவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போய்விடும். அப்படித் தினமும் வருகிற வாரங்களில் ஒரு பீர் குடித்தாலே கிளம்பிவிடும். மைக்ரேன்காரர் அசையமாட்டார், இவரால் அசையாமல் இருக்க முடியாது. இதற்குப் பனடோல் கொடுத்தால் அது வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்பே பெரும்பாலும் வலி தானாக முடிந்திருக்கும். முகமூடி வைத்து நிமிஷத்துக்கு 12 லிட்டர் வீதம் கால் மணி நேரம் சுத்தமான ஆக்சிஜன், அல்லது சுமாட்ரிப்டான் ஊசி, திரும்ப வராமலிருக்க வெராபமில். எல்லாம் டாக்டர் கையில் உள்ளவை, அத்தானுக்கு ஈப்போ வரை போகவேண்டியிருந்தது.

சரி, மைக்ரேனுக்கு எது? என் அனுபவத்தில் மாத்திரையின் பெயரைவிட நேரம்தான் முக்கியம். மைக்ரேன் வந்தால் வயிறு மந்தமாகிவிடும், உள்ளே போன மாத்திரை அங்கேயே கிடக்கும். அதனால் வலி லேசாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். இப்யூபுரோஃபன் 400 மில்லிகிராம் சாப்பாட்டோடு போட்டால் பனடோலைவிட நிறையப் பேருக்கு நன்றாகக் கேட்கிறது, ஆனால் வயிற்றுப்புண், கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் ஆகாது. அதற்கும் மேலே ட்ரிப்டான் வகை, சுமாட்ரிப்டான் மாதிரி. மைக்ரேனுக்கென்றே வந்த மருந்து, டாக்டர் எழுதித் தரவேண்டும். ரத்தக்குழாயைச் சுருக்கும் என்பதால் மாரடைப்பு, ஸ்ட்ரோக் வந்தவர்கள் தொடக்கூடாது. குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைட் சேர்த்துக் கொடுப்பார்கள், அது வயிற்றையும் கொஞ்சம் தட்டி எழுப்பும். மாதத்தில் நாலு நாளுக்கு மேல் படுக்கையில் போகிறது என்றால் தடுப்பு மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள்: புரோப்ரனலால் (ஆஸ்துமா இருந்தால் வேண்டாம்) அல்லது ராத்திரியில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டு இதைப் பேசலாம், காத்திருக்க மட்டும் பொறுமை வேண்டும். இன்னொன்று, மின்னல் கோடு வருகிற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கர்ப்பத்தடை மாத்திரை எடுக்குமுன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஸ்ட்ரோக் அபாயம் கூடுகிறது.

காய்ச்சலோடு தலைவலி என்றால் இந்த ஒப்பீட்டையெல்லாம் ஓரமாக வையுங்கள். கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் முறிக்கிறது என்றால் நம் பக்கத்தில் முதலில் நினைக்கவேண்டியது டெங்கி. அதில் இப்யூபுரோஃபன், ஆஸ்பிரின், மெஃபெனமிக் ஆசிட் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும், பனடோல் மட்டும்தான். கெண்டைக்கால் சதை கடுக்கிறது, கண் சிவந்திருக்கிறது, தோட்டத்துக் காணில் (வடிகாலில்) கால் வைத்து வேலை செய்தவர் என்றால் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் வலுவிழப்பு, அல்லது இடி விழுந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்குள் உச்சிக்கு ஏறும் வலி என்றால் அவசர எண் 999தான். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி, சீப்பு பட்டாலே மண்டைத்தோல் நோவது, மெல்லும்போது தாடை வலிப்பது, இதையும் அன்றைக்கே காட்டுங்கள். ரத்தக்குழாய் வீக்கமாக இருந்தால் கண் பார்வையே போய்விடும்.

கடைசியாக, அந்த மளிகைக் கடை அட்டையே உண்டாக்குகிற தலைவலி. எதிர்வீட்டு அத்தை தினமும் காலையில் எழுந்ததும் இரண்டு சிவப்பு பனடோல் எக்ஸ்ட்ரா, அதிலும் ஒவ்வொன்றிலும் 65 மில்லிகிராம் காஃபின். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளுக்கு மேல், காஃபின் கலந்ததும் ட்ரிப்டானும் 10 நாளுக்கு மேல், மூன்று மாதம் தாண்டிப் போனால் மாத்திரையே வலியை வரவழைக்கும். அத்தைக்குத் தைப்பூச விரதத்தில் கோப்பியையும் நிறுத்தினால் இரட்டை அடி, கோப்பி நின்ற 12 மணி நேரத்திலிருந்தே தலை வலிக்க ஆரம்பித்துவிடும். நாள்காட்டியில் மாத்திரை போட்ட நாளெல்லாம் புள்ளி வைக்கச் சொன்னேன், ஒரு மாதத்தில் 22 புள்ளி. டாக்டரைப் பார்த்து நிறுத்தினார். முதல் இரண்டு வாரம் என்னைத் திட்டாத வார்த்தை இல்லை, வலி முன்பைவிட மோசம். இப்போது மாதத்துக்கு நாலைந்து புள்ளிதான். கோப்பியை மட்டும் விடமாட்டாராம், காலையில் ஒரு குவளை என்று சமாதானம் பண்ணியிருக்கிறோம்.