412 டாலர் போய்விட்டது: முதல்முறை தனியாக வெளிநாடு கிளம்புகிறவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் "போகட்டும், விடு" என்று தோன்றிவிடும். இதை விடக் கூடாது. முதல்முறையாக ஒரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தனியாக வெளிநாடு கிளம்புகிறவர்களைக் குறிவைத்தே இந்த வேலை நடக்கிறது. முந்தாநாள் விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பினார்கள். போனது 412 டாலர்.

தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. இன்று ஒரு பெயர், நாளை வேறு பெயர். விசா, காப்பீடு, தங்குமிடம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகுத் தளம். முதன்முதலாகத் தனியாகப் போகிறவர்களுக்கென்றே ஒரு பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள். வியட்நாம் இ-விசா என்று தேடினால் அரசுத் தளத்துக்கு மேலே விளம்பரமாக வருகிறது. கொடி, முத்திரை, படிவம் எல்லாம் அரசுத் தளம் போலவே இருக்கும். அரசோடு தொடர்பில்லை என்ற வரி பக்கத்தின் அடியில், கண்ணுக்கே தெரியாத எழுத்தில்.

என்னை நம்பவைத்தது சாட்டில் வந்த ஆள்தான். எடுத்தவுடன் பணம் கேட்கவில்லை. "தனியாகவா போகிறீர்கள்? முதல்முறையா?" என்று கேட்டு, பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுமா என்று பார்க்கச் சொன்னார். வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். பவர் பேங்கைச் செக்-இன் பையில் போடாதீர்கள், கையோடு வைத்திருங்கள், அதன் மின்கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை என்றார். ஒருவழி டிக்கெட்டோடு போனால் அந்த நாட்டைவிட்டு எப்போது கிளம்புவீர்கள் என்பதற்கு டிக்கெட் காட்டச் சொல்வார்கள், அதையும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்றார். சொன்னதையெல்லாம் வேறு இடங்களில் சரிபார்த்தேன். அத்தனையும் உண்மை! இவ்வளவு தெரிந்த ஒருவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரத்தில், "நீங்கள் தைரியமாகக் கிளம்புங்கள், காகிதவேலை எங்களுடையது" என்று அவர் எழுதியபோது மனம் லேசானது. அந்த வரியை நினைத்தால்தான் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

அப்புறம் அவசரப்படுத்தினார்கள். இன்றே கட்டினால்தான் உங்கள் தேதிக்கு விசா கிடைக்கும் என்றார்கள். விசாவுக்கு 165 டாலர், காப்பீட்டுக்கு 118, வெளியேறும் டிக்கெட்டுக்கு 49, முதல் சில இரவுகளுக்கு ஹாஸ்டல் படுக்கையும் விமான நிலைய வண்டியும் சேர்த்து 80. மொத்தம் 412 டாலர். விசாப் பணத்தைக் கார்டில் வாங்கிக்கொண்டார்கள். மீதி 247 டாலரை வங்கி வழியாக நேரடியாக அனுப்பினால் தள்ளுபடி என்றார்கள். வியட்நாம் அரசு ஒருமுறை நுழைய வாங்கும் இ-விசாக் கட்டணம் 25 டாலர்தான்.

கவுண்டரில் இருந்த பெண் விசாத் தாளைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பிறகு மேலதிகாரியைக் கூப்பிட்டார். விசா செல்லத் தொடங்கும் நாள் என் விமானத்துக்கு அடுத்த வாரத்தில் இருந்தது. பெயரில் பாதியைக் காணோம். தப்பான ஆவணத்தோடு ஒருவரை ஏற்றிப் போனால் அபராதமும் திருப்பி அழைத்துவரும் செலவும் விமான நிறுவனத்தின் தலையில் விழும், அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். திருத்த முடியாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தின் நிலையையாவது பார்க்கலாமென்றால் பதிவு எண், மின்னஞ்சல், பிறந்த தேதி மூன்றும் வேண்டும். விண்ணப்பத்தில் போட்டிருந்த மின்னஞ்சல் அந்தத் தளத்துக்காரர்களுடையது. என் விண்ணப்பத்தை நானே பார்க்க முடியாதபடி செய்து வைத்திருக்கிறார்கள்.

மற்றவற்றையும் அன்றே தோண்டினேன். வெளியேறும் டிக்கெட்டின் ஆறெழுத்து முன்பதிவுக் குறியீட்டை முன்பு விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டபோது என் பெயர் வந்தது. இப்போது இல்லை. பணம் கட்டாமல் இருக்கையை மட்டும் பிடித்து வைத்திருந்தார்கள், கெடு முடிந்ததும் தானாக ரத்தாகிவிட்டது. காப்பீட்டு நிறுவனம் அப்படி ஒரு பாலிசி எண்ணே தங்களிடம் இல்லை என்றது. ஹாஸ்டலில் என் பெயரில் முன்பதிவே இல்லை. வியட்நாமில் இறங்கி விபத்தில் சிக்கியிருந்தால் கையில் இருந்தது ஒரு வெற்றுத் தாள்!

தளத்துக்காரர்களிடம் கேட்டால்? முதலில் "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்று தானியங்கிப் பதில். பிறகு உங்கள் கோப்பு மேல்நிலைக் குழுவிடம் இருக்கிறது என்றார்கள். தேதியை நீங்கள்தான் தவறாகத் தந்தீர்கள் என்றார்கள், நான் தந்த படிவத்தின் படத்தை அனுப்பியதும் அந்தப் பேச்சு நின்றது. ஏழு முதல் பத்து வேலை நாளில் பணம் வரும் என்றார் ஒருவர். சேவைக் கட்டணம் திரும்பாது, விதிமுறையைப் படியுங்கள் என்றார் இன்னொருவர். பவர் பேங்க் வரைக்கும் அக்கறையாகப் பேசிய அந்த ஆள், நான் அனுப்பியதைப் படித்துவிட்டுப் பதிலே எழுதவில்லை. நேற்று இரவு சாட்டையே மூடிவிட்டார்கள். 412 டாலர்! மாதக்கணக்கில் சேர்த்த பணம். விமானத் தேதியை மாற்றிய செலவு இதில் சேராது.

கார்டில் போன 165 டாலரைத் திருப்பித் தரச் சொல்லி வங்கியில் எதிர்ப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சைபர் குற்றப் பிரிவிலும் புகார் கொடுத்தாயிற்று. அந்த 247 டாலர் வரும் என்ற நம்பிக்கை இல்லை. என் பாஸ்போர்ட் நகலும் புகைப்படமும் அவர்களிடம் இருப்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கிளம்பப் போகிறவர்களுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவற்றையாவது பிடித்துக்கொள்ளுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். வியட்நாம் என்றால் முகவரி 'டாட் ஜிஓவி டாட் விஎன்' என்று முடிய வேண்டும், பலமுறை நுழையும் விசாவுக்கும் 50 டாலர்தான். விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சலையே போடுங்கள். டிக்கெட் என்று யார் தந்தாலும் 13 இலக்க டிக்கெட் எண் இருக்கிறதா என்று கேளுங்கள், ஆறெழுத்துக் குறியீடு மட்டும் போதாது. பாலிசி வந்தால் அதன் எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்யுங்கள். தள்ளுபடி என்றாலும் நேரடிப் பரிமாற்றம் வேண்டாம். தாய்லாந்து போகிறவர்களுக்கு ஒன்று: 2025 மே 1 முதல் அங்கே கட்டாயமான டிஜிட்டல் வருகை அட்டை முற்றிலும் இலவசம். அதற்கும் பணம் வாங்கும் தளங்கள் இருக்கின்றன, கொடுக்காதீர்கள்.