பைஜிம்லியும் மண்டபத்து மண்ணும்: சில வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம் பக்கம் கட்டடம் கட்டப்போகிறவர்களுக்கும் போர் போட இடம் தேடுகிறவர்களுக்கும் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலை எனக்கு. கருவி பெரிதாக ஒன்றுமில்லை. மண்ணின் அதிர்வைப் பிடிக்கிற ஜியோபோன் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக 24, அடித்து அலை கிளப்ப ஒரு இரும்புத் தகடு, ஒரு சம்மட்டி. ஒவ்வொரு ஜியோபோனுக்கும் முதல் அலை எப்போது வந்தது என்று குறித்து, அந்த நேரங்களிலிருந்து மண்ணுக்குள் அலை எங்கே எவ்வளவு வேகமாகப் போகிறது என்கிற படத்தை வரவழைக்க, அதாவது இன்வெர்ஷனுக்கு, பைஜிம்லி என்கிற பைத்தான் நிரல் தொகுப்பைத்தான் பல வருஷமாக வைத்திருக்கிறேன். காசு கிடையாது, உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கலாம், பழைய லேப்டாப்பிலும் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு வரிசை ஜியோபோன் கோட்டின் கணக்கை முடித்துவிடும்.

உச்சிப்புளி மணல்மேடுகளில் இது அருமையாக வேலை செய்கிறது. காய்ந்த மணலில் அலை நொடிக்கு 300, 400 மீட்டர் போகும், தண்ணீர் ஊறிய மணலைத் தொட்டதும் 1500க்குத் தாவும், அந்தத் தாவல் படத்தில் பளிச்சென்று விழுகிறது. ஆனால் இன்வெர்ஷன் தன் போக்கில் எதையும் வழவழப்பாக்கும், கத்தி வைத்து வெட்டினாற்போல் இருக்கிற நீர்மட்டத்தை இரண்டு மூன்று மீட்டருக்கு இழுத்துப் பூசிவிடும். எவ்வளவு வழவழப்பாக்க வேண்டும் என்று சொல்கிற லேம்டா என்கிற எண்ணைக் குறைத்தால் கூர்மை வரும், கூடவே இல்லாத குழியும் மேடும் முளைக்கும். பக்கத்துக் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து, கணக்குக்காக மண்ணைத் துண்டு துண்டாகப் பிரிக்கிற வலைக்கட்டத்துக்குள் அந்த ஆழத்தில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டி வழவழப்பாக்காதே என்று சொல்லிவிடுவதுதான் என் வழக்கம். அந்த ஒரு கயிறு தரும் தகவலுக்கு ஈடாக எந்த அளவுருவையும் நான் பார்த்ததில்லை.

"தம்பி, தண்ணி இருக்குங்கிறீங்க, சரி, நல்ல தண்ணியா உப்பா?" என்று மனைக்காரர் கேட்டால், அதற்கு இதில் பதில் கிடையாது. நல்ல தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் ஒலி வேகத்தில் சில பத்து மீட்டர்தான் வித்தியாசம், மணலுக்குள் அது காணாமலே போய்விடும். மின்தடை அளந்தே ஆக வேண்டும். நல்லவேளை, அந்த இன்வெர்ஷனையும் பைஜிம்லியே செய்யும்.

மண்டபம் வந்தால் கதை வேறு. அங்கே மேலே பவளச் சுண்ணாம்புப் பாறை, பல இடங்களில் அதற்குக் கீழே இளகிய மணல். மேலே வேகம், கீழே மந்தம் என்றால் அலை கீழ்நோக்கி வளைந்து போய்விடும், மேலே திரும்பி வந்து அந்த மணலைப் பற்றிச் சொல்லாது. படத்தில் அடிவரை பாறை மாதிரியே தெரியும். அளந்த நேரமும் கணக்கிட்ட நேரமும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டுகிற கைவர்க்கம் (ஒன்று என்றால் நல்ல பொருத்தம்) ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கும், எல்லாம் கச்சிதம் என்று நிரலும் சொல்லும். இதை நம்பி அஸ்திவாரம் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த இடங்களில் அதே சம்மட்டி அடியில் வரும் மேற்பரப்பு அலையைத் தனியாக எடுத்து ஜியோப்சி என்கிற நிரல் தொகுப்பில் உள்ள டின்வர் என்கிற இன்வெர்ஷன் நிரலில் போடுகிறேன் (4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் இருந்தால் இரண்டுக்கும் ஒரே பதிவு போதும்). அது ஒரே விடையைத் தராமல், தரவோடு பொருந்துகிற ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து காட்டும். எந்த ஆழத்துக்குக் கீழே யாருக்கும் எதுவும் தெரியாது என்பது அந்தச் சிதறலிலேயே தெரிந்துவிடும், எனக்குப் பிடித்ததே அதுதான். ஒரு எச்சரிக்கை: கெட்டியான பாறை மேலே இருந்தால் மேற்பரப்பு அலையின் உயர் மோடுகள் (ஒரே அலை அதிர்கிற பல விதங்களில் மேல் வகைகள்) தலைதூக்கும், அதை அடிப்படை மோடு என்று எடுத்துக்கொண்டால் மொத்தமும் போச்சு.

முதல் அலையின் நேரத்தோடு நிற்காமல் பதிவின் வடிவம் முழுவதையும் பொருத்திப் பார்க்கிற முழு அலைவடிவ இன்வெர்ஷனை இங்கே ஏன் போடுவதில்லை என்று சிலர் கேட்கிறார்கள். 1984இல் டரன்டோலா என்கிற புவி இயற்பியலாளர் எழுதியதிலிருந்து எண்ணெய்த் துறையில் வளர்ந்து நிற்கிற முறை அது. காவிரிப் படுகையின் ராமநாதபுரம் பகுதி மாதிரி, கிலோமீட்டர் ஆழத்தில் எரிவாயு தேடுகிறவர்களுக்குப் பொருந்தும். கணக்கைத் தொடங்க நாம் ஊகித்துக் கொடுக்கிற தொடக்க மாதிரி அரை அலைச்சுற்றுக்கு மேல் விலகியிருந்தாலே தவறான சுற்றில் போய் ஒட்டிக்கொள்ளும், அதைத் தடுக்கத் தாழ் அதிர்வெண் வேண்டும், சம்மட்டியிடம் அது அவ்வளவாக இல்லை.

அப்புறம், எந்த இன்வெர்ஷனும் காப்பாற்றாத ஒன்று, ஆடி மாதத்துக் கச்சான் காற்று. பனை ஆடினால் வேர் வழியாகப் பக்கத்து ஜியோபோன் கூடவே ஆடும். 16 சம்மட்டி அடியின் பதிவைச் சேர்த்தால் இரைச்சல் நாலில் ஒரு பங்காகும், ஆனால் விடியற்காலையில் போனால் நாலு அடியிலேயே வேலை முடியும். காய்ந்த மணலில் ஜியோபோனின் ஆணி நிற்காது, ஒரு சாண் தோண்டி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் குத்தினால் முதல் அலை ஊசி மாதிரி எழும்பும்.

போன மாதம் ஒருவர் தன் மனைக்கு வேறொருவர் செய்த அறிக்கையைக் கொண்டுவந்தார். சிவப்பும் நீலமுமாக அழகான படம், முப்பது மீட்டர் ஆழம் வரை. கதிர்கள், அதாவது அலை போன பாதைகள், எதுவரை போயின என்கிற படம் மட்டும் இல்லை. கோட்டின் நீளமே 46 மீட்டர்தான், அதில் பத்து மீட்டருக்குக் கீழே இருந்த நிறமெல்லாம் தொடக்க மாதிரியின் மிச்சம். கதிர்ப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் மீதிப் பணத்தைக் கொடுங்கள் அண்ணே என்றேன்.