கூகுள் சர்ச் கன்சோல்: செக்கு எண்ணெய்க் கடைக்கு அது செய்ததும் செய்யாததும்

காங்கேயத்தில் எங்கள் குடும்பம் மரச்செக்கு ஆட்டுகிறது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் மூன்றையும் கடையில் விற்கிறோம். வெளியூருக்குக் கூரியரில் அனுப்புகிறோம். கடைக்கு ஒரு வலைத்தளம் உண்டு. தேடுகிறவர்கள் கண்ணில் அது படும்படி பார்த்துக்கொள்வது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. இந்த வேலையில் எனக்குக் கடைசிவரை உதவிய கருவி, நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல்தான். ஆனால் சிறுதொழில் செய்கிற பலர் அதன் பெயரையே கேள்விப்பட்டதில்லை. மாதச் சந்தா கட்டினால் தேடலில் முதலிடம் என்று ஆசை காட்டும் தொலைபேசி அழைப்புகள் மட்டும் எல்லோருக்கும் தவறாமல் வருகின்றன. அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன் ஒருவராவது இந்த இலவசக் கருவியைத் திறந்து பார்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2015 வரை இதற்கு வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று பெயர். தளம் நம்முடையதுதான் என்று காட்ட, டொமைன் என்கிற தளத்தின் பெயரை வாங்கிய இடத்தில், அந்தப் பெயருக்கான அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ் பகுதிக்குள் போய் கூகுள் கொடுக்கும் ஒரு வரியை ஒட்டினால் போதும். சிரமமான வேலை அது ஒன்றுதான். அதன்பின் தேடலில் நம் தளம் எத்தனை முறை தோன்றியது, என்ன சொற்களுக்குத் தோன்றியது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்பதெல்லாம் வரிசையாக வந்துவிடும்.

எங்களுக்கு அது முதலில் காட்டிக்கொடுத்தது எழுத்துருப் பிரச்சினையை. தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர், எங்கள் பழைய நோட்டீஸில் இருந்த தமிழை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த நோட்டீஸ் அது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவத்தை மட்டும் மாட்டிவிடும் பழைய எழுத்துரு பாமினி. திரையில் பார்த்தால் அழகான தமிழ். யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் என்ற பகுதியில் நம் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், கூகுள் அந்தப் பக்கத்தை எப்படிப் படித்து வைத்திருக்கிறது என்று காட்டும். அங்கே தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்து குவிந்து கிடந்தன. மீதி விவரமெல்லாம் பேனர் படத்துக்குள் இருந்தது. அப்படிப்பட்ட பக்கம் “மரச்செக்கு எண்ணெய்” என்று தேடுகிறவருக்கு எப்படிக் கிடைக்கும்?

என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி மென்பொருள்கள் பாமினியை யூனிகோடாக, அதாவது கணினி தமிழாகவே புரிந்துகொள்ளும் பொது எழுத்துமுறையாக, மாற்றித் தருகின்றன. மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் கண்ணால் படித்தே ஆக வேண்டும். தட்டச்சு செய்பவர்கள் சில இடங்களில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலை அடித்துவிடுவார்கள். அச்சில் வேறுபாடு தெரியாது. யூனிகோடுக்கு வந்ததும் “மரச்செக்கு” என்பது “மாச்செக்கு” ஆகிவிடும். தேடுபொறிக்கு இரண்டும் வேறு வேறு. தமிழில் தளம் வைத்திருக்கிற அச்சகங்கள், நாட்டுமருந்துக் கடைகள், ஜோதிட நிலையங்கள் எல்லாம் இன்றைக்கே பார்க்க வேண்டியது இதைத்தான். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் நல்லது.

அடுத்தது தலைப்புகள். எல்லாப் பொருளும் “எங்கள் தயாரிப்புகள்” என்ற ஒரே பக்கத்தில் இருந்தன. அந்தச் சொல்லைத் தேடி யாரும் வரமாட்டார்கள். எண்ணெய்க்கு ஒரு பக்கம் என்று பிரித்து, “மரச்செக்கு கடலை எண்ணெய், 1 லிட்டர், 5 லிட்டர், காங்கேயம்” என்பதுபோல் தலைப்பு வைத்தோம். விலை, எத்தனை நாளில் வந்து சேரும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் ஆகியவற்றைப் படத்தில் அல்லாமல் எழுத்தில் போட்டோம். பக்க முகவரிகளை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறேன். தமிழ் முகவரியைக் கூகுள் புரிந்துகொள்ளும். ஆனால் ஒருவர் அதை நகலெடுத்து அனுப்பும்போது குறிகளும் எண்களுமாக நீண்டு, பார்ப்பவருக்கு ஏதோ மோசடி இணைப்பு போலத் தோன்றும்.

இந்தக் கருவியின் உயிர் என்று நான் சொல்வது தேடல் சொற்களின் பட்டியலை. வாடிக்கையாளர் கடைக்கு வந்து கேட்கக் கூச்சப்படும் கேள்வியும் அதில் இருக்கும். கடலை எண்ணெயில் வடை போட்டால் ஏன் நுரைத்துப் பொங்குகிறது, கலப்படமா என்ற சந்தேகம் விதவிதமான சொற்களில் அங்கே வந்துகொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த ஒரு வரியை வைத்தே கூகுள் எங்களை அந்தத் தேடல்களில் எங்கோ பின்னாலாவது காட்டிக்கொண்டிருந்தது.

செக்கடியிலேயே காலம் கழித்த என் அத்தை சொல்லச் சொல்ல, அதற்கென்று தனியாக ஒரு பக்கம் எழுதினேன். செக்கில் ஆட்டிய எண்ணெயைத் தெளியவைத்து வடிகட்டுவதோடு சரி. சுத்திகரிப்பு ஆலையில் நீக்கப்படும் பாஸ்போலிப்பிட் என்ற பசைப்பொருள் இதில் தங்கியிருக்கும். சிறிது ஈரமும் இருக்கலாம். காய்ச்சும்போது நுரை எழுவதற்கு அவையே காரணம். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது, தீயை மிதமாக வைக்க வேண்டும், மாவில் ஈரம் அதிகம் இருக்கக் கூடாது. இவ்வளவுதான் அந்தப் பக்கம். வெளியூர்க்காரர்களை இன்று அதிகம் அழைத்து வருவது அதுதான். வருகிறவர்கள் எல்லோரும் வாங்குவதில்லை. வாங்குகிறவர்கள் நுரையைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவதில்லை. கூரியரில் எண்ணெய் விற்கிறவருக்கு இதன் அருமை தெரியும்.

தேங்காய் எண்ணெய் உறைவதைப் பற்றியும் இதேபோல் எழுதினோம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும் என்பதை மார்கழியில் ஊட்டியிலும் பெங்களூரிலும் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்பாராமல் கிடைத்தது புண்ணாக்கு. இணையத்தில் அதை யார் தேடப்போகிறார்கள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். பட்டியலில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. எள்ளுப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு மூன்றுக்கும் பக்கம் போட்டோம். மாடு வைத்திருப்பவர்கள் அலைபேசியில் பார்த்துவிட்டு, இருப்பு உண்டா என்று கேட்டுச் சாக்கோடு வருகிறார்கள். காங்கேயம் காளைகளுக்குப் பேர்போன ஊரில் இப்படி ஒரு தேவை இருப்பது நியாயம்தானே.

குறைகளையும் சொல்ல வேண்டும். 16 மாதத் தரவுதான் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆண்டின் ஆடி, தீபாவளி விற்பனையோடு ஒப்பிட வேண்டுமானால் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். திரையில் 1,000 வரிக்கு மேல் தெரியாது. மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடுவதால், கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். எங்களைப் போன்ற சிறு தளத்துக்கு இது சின்ன இழப்பு அல்ல. நமக்கு வரும் தேடல்களில் பல அந்த வகைதான். சராசரி இடம் என்ற எண்ணையும் நான் நம்பி முடிவெடுப்பதில்லை. ஊர்ப் பெயரோடு தேடினால் முதலிடத்திலும் வெறுமனே தேடினால் ஐந்தாம் பக்கத்திலும் இருக்கிற தளத்துக்குச் சராசரி எடுத்து என்ன பயன்?

வேகத்தை அளக்கும் கோர் வெப் வைட்டல்ஸ் பகுதி, வருகை குறைந்த தளங்களுக்குப் போதிய தரவு இல்லை என்று வெறுமையாகவே இருக்கும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. அலைபேசியில் எடுத்த புகைப்படங்களை அப்படியே ஏற்றாமல், சுருக்கி வெப்பி (WebP) என்ற சிறிய அளவுப் பட வடிவில் போட்டாலே பாதி வேலை முடிந்தது. தாராபுரம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது திறந்து பார்ப்பதுதான் என் சோதனை.

பொறுமை இல்லாதவருக்கு இது ஒத்துவராது. திருத்தியது தேடலில் தெரியச் சில நாளும் ஆகும், சில மாதமும் ஆகும். இண்டெக்ஸ் செய்யச் சொல்லும், அதாவது பக்கத்தைத் தேடல் பட்டியலில் சேர்க்கக் கேட்கும் பொத்தானை ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் வேகம் கூடாது. கூகுளே அப்படித்தான் சொல்கிறது. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று சொல்வதும் கூகுள்தான். பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதப்படும் மெட்டா கீவேர்ட்ஸ் என்ற சொற்பட்டியலை நிரப்பித் தருகிறோம் என்று கட்டணம் கேட்பவர்களிடம் கவனம் தேவை. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டார்கள். தரவரிசையில் ஏறுவதற்காக மற்றத் தளங்களிலிருந்து நம் தளத்துக்குக் காசு கொடுத்து இணைப்பு வாங்குவது கூகுளின் விதிப்படி மீறல். செக்கு எண்ணெய் அந்த நோயைத் தீர்க்கும், இந்த நோயைத் தீர்க்கும் என்று எழுதினால் கூட்டம் வரும் என்பவர்களும் உண்டு. நாம் விற்பது உணவு. நம்பி வாங்குகிறவர் வயிற்றோடும் மருந்தோடும் விளையாட எந்தத் தரவரிசைக்காகவும் நான் சம்மதிக்க மாட்டேன்.

உள்ளூர் வியாபாரம் மட்டும் போதும் என்றால் கூகுள் மேப்பிலும் தேடலிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலைச் சரியாக வைத்திருப்பதே முக்கால்வாசி வேலை. கடை நேரம், பண்டிகை விடுமுறை, வாசலின் படம், விமர்சனங்களுக்குப் பதில். அங்கே கடைப் பெயரோடு “சிறந்த மரச்செக்கு எண்ணெய்” என்று சேர்த்து எழுதுவது விதிக்கு எதிரானது. பெயர்ப்பலகையில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். அதிலேயே இலவசமாகக் கட்டிக்கொள்ள முடிந்த தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அதனால் வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் சொந்த டொமைன் வாங்கி, அதில் சர்ச் கன்சோலை இணைப்பதே நல்லது. இணைத்த கையோடு, மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறிக்கான இதேபோன்ற கருவியான பிங் வெப்மாஸ்டர் டூல்ஸையும் திறந்துவிடுங்கள். சர்ச் கன்சோலில் உள்ள தளத்தை அப்படியே அங்கே இறக்குமதி செய்யலாம். மறுபடி டிஎன்எஸ் பக்கம் போக வேண்டியதில்லை.