தினமும் எண்ணுவதா, வருடத்துக்கு ஒரு நாள் எண்ணுவதா?

தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருக்கிறேன். காலை 8 மணிக்கு ஐசியூவில் கட்டில் கட்டிலாகப் போய், யாருக்கு யூரின் டியூப், யாருக்குக் கழுத்தில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாயில் போடும் டியூப்), யாருக்கு வெண்டிலேட்டர் என்று எண்ணி நோட்டில் எழுதுவதுதான் முதல் வேலை. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு இந்த டியூப்கள் வழியாக எத்தனை பேருக்குத் தொற்று வருகிறது என்று கணக்குப் போடத்தான் இது. தினம் 10 பேருக்கு டியூப் இருந்தால் மாதத்துக்கு 300 டியூப் நாள். அதில் 3 பேருக்குத் தொற்று வந்தால், 1000 டியூப் நாளுக்கு 10 தொற்று என்று கணக்கு.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரே நாளில் எல்லா ஆஸ்பத்திரியிலும் சர்வே எடுத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் 2011-12இல் அப்படி எடுத்தன. செலவு குறைவு, பிரச்சினை எவ்வளவு பெரிது என்று ஓரளவு தெரியும், சரி. ஆனால் தொற்று வந்தவர் அதிக நாள் படுத்திருப்பார், அதனால் அந்த ஒரு நாளில் அவர்தான் அதிகம் கண்ணில் படுவார். போன மாதம் கை கழுவும் பழக்கத்தை மாற்றினோமே, பலன் கிடைத்ததா என்பதற்கு அதில் பதில் இல்லை.

தொடர்ந்து எண்ணுவதிலும் இரண்டு வழி. இங்கிலாந்து 2001இல் எம்ஆர்எஸ்ஏ என்ற, பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியின் ரத்தத் தொற்றைக் கட்டாயம் தெரிவிக்க வைத்தது, எண்ணிக்கையும் பின்னால் நன்றாகக் குறைந்தது. ஜெர்மனி 1997இல் தொடங்கிய கணக்கெடுப்போ ஆஸ்பத்திரிகள் விருப்பப்பட்டுச் சேர்வது, ஆஸ்பத்திரி பெயர் வெளியே வராது.

இங்கே பெயரோடு வெளியிட்டால் என்ன ஆகும் தெரியுமா? பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், எடுக்காத ஆஸ்பத்திரிதான் சுத்தமானதாகத் தெரியும். ஆன்டிபயாடிக் ஏற்றிய பிறகு ரத்தம் எடுத்தால் தொற்று இருந்தாலும் பாட்டிலில் பல நேரம் ஒன்றும் வளராது. கல்ச்சர் பில்லைக் கட்ட வேண்டியதும் குடும்பம்தான். "சிஸ்டர், ஜொரம்தானே, ஊசி போட்டு விடுங்க, இன்னொரு டெஸ்ட் வேணாம்" என்று கெஞ்சும் அம்மாக்களிடம் நான் என்ன சொல்ல?

அதனால் என் ஓட்டு டெல்லி எய்ம்ஸ், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்), அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி சேர்ந்து 2017இல் இந்தியாவில் ஆரம்பித்த, ஆஸ்பத்திரித் தொற்றைக் கணக்கெடுக்கும் நெட்வொர்க்குக்குத்தான். முதல் ஒன்றரை வருட ரத்தத் தொற்றுக் கணக்கில் 26 ஆஸ்பத்திரி, 89 ஐசியூ, எல்லோருக்கும் ஒரே வரையறை. நாட்டின் அளவுக்கு இது சின்னதுதான், ஆனால் லேப் ஒழுங்காக இருக்கும் இடத்தில் தொடங்கியதால் எண்ணை நம்பலாம். எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் அது வர வேண்டும், வரும்போது கல்ச்சர் பாட்டில் இலவசமாக வர வேண்டும், எண்ணுவதற்கென்றே ஒரு ஆளும் வேண்டும். இப்போது ஆள் குறைந்த நாளில் என்னையும் ஊசி போட நிறுத்திவிடுகிறார்கள், அன்று 8 மணிக் கணக்கு மதியத்துக்குப் போய்விடுகிறது, அதற்குள் இரண்டு பேருக்கு டியூப் எடுத்திருப்பார்கள்.